ஸ்பீட் பிரேக்கர் கேட்பதற்கு முன்னால்: ஊர்ச் சாலையின் ஆபத்தை அளப்பது எப்படி?

கூட்ரோட்டில் விபத்து நடந்து ஓர் உயிர் போனால் அன்று மாலையே மறியல் நடக்கும். கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: "இங்கே ஸ்பீட் பிரேக்கர் போடு." அதிகாரிகள் வந்து பேசுவார்கள், உறுதி தருவார்கள், கூட்டம் கலையும். மறுநாள் செய்தியில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதே காரணம்" என்று ஒரு வரி வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் முக்கியமான கேள்வி காணாமல் போய்விடுகிறது. வேகமாக ஓட்டுபவர்கள் ஓசூரிலிருந்து தொப்பூர் வரை வேகமாகத்தான் ஓட்டுகிறார்கள். குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப மோதல் நடக்கிறது?

இதற்கு எண்ணியும் அளந்தும் விடை தேடுவதுதான் சாலைப் பாதுகாப்பு ஆய்வு. ஹெல்மெட் பேரணியும் விழிப்புணர்வு வாரமும் வேண்டியவைதான், ஆனால் அவை ஆய்வு ஆகாது. பெரிய கருவி இருந்தால்தான் ஆய்வு நடக்கும் என்பதும் சரியில்லை. நோட்டு, அளவு டேப், ஸ்டாப்வாட்ச் உள்ள செல்போன் ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு ஓர் ஊர் தன் கூட்ரோட்டைப் பற்றிப் பாதிக்கு மேல் தெரிந்துகொள்ளலாம்.

உடைந்த வரப்பு

ஒவ்வொரு மழைக்கும் வரப்பு ஒரே இடத்தில் உடைந்தால் விவசாயி மழையைத் திட்டிக்கொண்டு நிற்கமாட்டார். மேலிருந்து தண்ணீர் எப்படி வருகிறது, அந்த இடம் தாழ்ந்திருக்கிறதா, எலி வளை இருக்கிறதா, வடிகால் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சாலையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஓட்டுநர்கள் தவறு செய்வார்கள். மழை பெய்வதைப் போல அதுவும் நின்றுவிடப் போவதில்லை. அந்தத் தவறு இந்த இடத்தில் உயிரை எடுக்கும்படி எது செய்கிறது என்பதே கேள்வி.

பெரும்பாலும் நான்கில் ஒன்றோ, ஒன்றுக்கு மேலோ காரணமாக இருக்கும். வேகம் அந்த இடத்துக்குப் பொருந்தாமல் இருக்கும். எதிரே வருவது உரிய தூரத்தில் கண்ணில் படாமல் இருக்கும். கடக்கவோ திரும்பவோ போதிய இடைவெளி கிடைக்காது. அல்லது ஓட்டுநர் எதிர்பார்க்காத ஒன்று திடீரென்று சாலையில் நிற்கும்.

விபத்துகள் குவியும் இடத்தைக் கரும்புள்ளி என்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு இதற்குக் கணக்கு உண்டு. சுமார் 500 மீட்டர் நீளத்தில், கடந்த 3 ஆண்டுகளில், உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்துகள் 5 நடந்திருக்க வேண்டும். அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று நினைத்துவிடுவது பெரிய தவறு. பைக்கில் போனவர் விழுந்து கை ஒடிந்து, இரண்டு தரப்பும் பேசி முடித்து, காவல் நிலையம் வரை போகாத விபத்து கணக்கில் வராது. கணக்கில் வந்ததும் "பேருந்து நிறுத்தம் அருகே" என்று மொத்தமாக எழுதப்பட்டிருந்தால், அந்த நிறுத்தத்துக்குக் கிழக்கா மேற்கா என்றே தெரியாது. இப்போது போலீசார் விபத்து நடந்த இடத்திலிருந்தே செல்போனில் விவரம் ஏற்றும் ஐராட் என்ற முறை வந்திருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது. செயற்கைக்கோள் குறிப்போடு இடம் பதிவாவதால் இந்தக் குழப்பம் குறைகிறது. பழைய விபத்துகளுக்கு ஊராரின் நினைவுதான் துணை.

மோதல் வரைபடம்: ஒரு தாள், சில அம்புகள்

ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கூட்ரோட்டை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு பெரிய தாளில் வரைய வேண்டும். பேருந்து நிறுத்தம், டீக்கடை, புளியமரம், விளம்பரப் பலகை, மீடியன் (சாலை நடுவே உள்ள தடுப்பு) இடைவெளி, விளக்குக் கம்பம் எல்லாம் இருந்த இடத்திலேயே வரட்டும். பிறகு தெரிந்த ஒவ்வொரு விபத்துக்கும் இரண்டு அம்புகள்: யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எங்கே மோதினார்கள். பக்கத்திலேயே மாதம், நேரம், பகலா இரவா, மழையா, எந்த வகை வண்டி. இதற்குத்தான் மோதல் வரைபடம் என்று பெயர். யார்மேல் தப்பு என்று எழுதக் கூடாது. எழுத ஆரம்பித்தால் கூட்டம் பஞ்சாயத்தாக மாறிவிடும், வரைபடம் முடியாது.

ஏழெட்டு விபத்துகளைப் போட்டதுமே அம்புகள் ஓரிடத்தில் குவிவது தெரியும். குவியும் விதம் காரணத்தைச் சொல்லும்.

பக்கச் சாலையிலிருந்து வருபவரும் நேரே போகும் வண்டியும் செங்குத்தாக மோதியிருந்தால், முதலில் பார்வையைச் சோதிக்க வேண்டும். பக்கச் சாலையில் பைக் நிற்கும் இடத்தில் நின்று, பைக்கில் உட்கார்ந்தவரின் கண் உயரத்திலிருந்து இரண்டு பக்கமும் பாருங்கள். பேனரோ, வேலிக்கருவை மரமோ, நிறுத்திய லாரியோ மறைக்கிறதா? நேரே போகும் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்தால் நிற்க 120 மீட்டர் தேவை. 50 கிலோமீட்டர் என்றால் 60 மீட்டர், 100 என்றால் 180 மீட்டர். இது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த கணக்கு. 1934-ல் தொடங்கிய இந்த அமைப்பின் விதிகளைத்தான் நம் நாட்டுச் சாலைப் பொறியாளர்கள் பின்பற்றுகிறார்கள். ஆபத்து தெரிந்து பிரேக்கில் கால் வைக்க ஆகும் 2.5 விநாடியும் சேர்த்த இந்தத் தூரத்துக்கு நிறுத்தப் பார்வைத் தூரம் என்று பெயர். டேப் பிடித்து அளந்தால் இருக்கிறதா இல்லையா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பின்னால் வந்து மோதியவை அதிகம் என்றால், எதிர்பாராமல் ஏதோ ஒன்று நிற்கிறது என்று பொருள். நிறுத்தத்தில் ஒதுங்க இடமில்லாமல் சாலையிலேயே பேருந்து நின்றிருக்கலாம். இரவில் பின்விளக்கு இல்லாமல் லாரி நின்றிருக்கலாம். நான்குவழிச் சாலையில் அடிக்கடி தவறவிடப்படும் காரணம் மீடியன் இடைவெளி. மீடியன் 4.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். திரும்பக் காத்திருக்கும் பைக் அதற்குள் அடங்கும், கார் ஒட்டிக்கொண்டு அடங்கும். டிரெய்லரோடு வரும் டிராக்டர் அடங்காது. டிரெய்லரின் வால் வேகமாகப் போகும் வலது லேனில் நீட்டிக்கொண்டு நிற்கும். மாம்பழச் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மண்டிக்கும் கூழ் ஆலைக்கும் போகும் டிராக்டர்கள் இப்படி நிற்கும்போது, இருட்டில் வருபவருக்கு அந்த வால் கடைசி நொடியில்தான் தெரியும்.

நேருக்கு நேர் மோதல் மீடியன் உள்ள சாலையில் நடந்தால், யாரோ ராங் சைடில் வந்திருக்கிறார்கள். அவரைத் திட்டுவதற்கு முன்னால் அடுத்த இடைவெளி எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள். எதிரே இருக்கும் நிலத்துக்குப் போக இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும் என்றால், பால்கேனோடு போகிறவர் தினமும் சுற்றிப் போகமாட்டார். வண்டி தனியாகவே சறுக்கி விழுந்தவை என்றால் சாலை ஓரத்தைப் பாருங்கள். பழைய தாரின் மேலேயே புதிய தார் போட்டுப்போட்டுச் சாலை உயர்ந்திருக்கும், ஓரத்தில் மண் நிரப்பியிருக்கமாட்டார்கள். எதிரே பேருந்து வரும்போது ஒதுங்கும் பைக், அந்தப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி, மீண்டும் ஏற முயலும்போதுதான் விழுகிறது.

இதுவரை பார்த்தது: ஓரிடத்தில் விபத்து குவிந்தால் அந்த இடத்தில் காரணம் இருக்கிறது. மோதல் வரைபடம் அந்தக் காரணத்தின் வகையைக் காட்டும். அடுத்து வேகத்தையும் போக்குவரத்தையும் அளந்து அதை உறுதி செய்ய வேண்டும்.

வேகத்தை அளப்பது

"எல்லாரும் நூறில் போகிறார்கள்" என்று மனுவில் எழுதினால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். அளந்து எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

சாலையோரத்தில் 100 மீட்டர் தூரத்தை டேப்பால் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் அடையாளம் போடுங்கள். முதல் அடையாளத்தில் ஒருவர் கையசைக்க, இரண்டாவது அடையாளத்தில் இருப்பவர் நேரம் பிடிக்க வேண்டும். 360-ஐ விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும்: 6 விநாடி என்றால் 60, 4 விநாடி என்றால் 90. ஊருக்குள் வேகம் குறைவான சாலையில் 50 மீட்டர் போதும், அப்போது 180-ஐ வகுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 50 மீட்டர் போதாது. 2 விநாடியில் கடந்த வண்டியை கை தடுமாறி 1.8 என்று பிடித்துவிட்டால் 90 என்பது 100 ஆகிவிடும். 100 மீட்டர் வைத்தால் அதே தடுமாற்றத்தில் பிழை பாதியாகக் குறையும்.

குறைந்தது 100 வண்டிகள் வேண்டும். முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து வருபவற்றை விட்டுவிட்டு, தடையில்லாமல் வருபவற்றை மட்டும் பிடிக்க வேண்டும். ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு கும்பலாக நின்றால் சோதனை என்று நினைத்து எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள். மரத்தடியில், தார்ச்சாலையை விட்டு நன்றாகத் தள்ளி உட்காருங்கள். இந்த வேலைக்குச் சிறுவர்களை அனுப்ப வேண்டாம்.

கிடைத்த 100 வேகங்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, 85-ஆவது எது என்று பாருங்கள். 100-ல் 85 வண்டிகள் அந்த வேகத்திலோ அதற்குக் கீழோ போகின்றன. இதுவே 85 விழுக்காட்டு வேகம். சராசரி ஏன் போதாது என்றால், ஊர்ந்து போகும் டிராக்டரும் மொபெட்டும் சேர்ந்து அதைக் கீழே இழுத்துவிடும். கொல்லும் வேகம் மறைந்துவிடும். பலகையில் 40 என்று இருந்து 85 விழுக்காட்டு வேகம் 70 என்று வந்தால், அந்தச் சாலை 70-ல் போகச் சொல்லும்படி அமைந்திருக்கிறது. இன்னொரு பலகை அதை மாற்றாது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? நடந்து போகிறவர்மேல் வண்டி 30 கிலோமீட்டரில் மோதினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். 45-ஐத் தாண்டினால் பிழைப்பது பாதிக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடக்கும் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்துத் தார் அகலம் 7 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு அதைக் கடக்க ஏறக்குறைய 6 விநாடி ஆகும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 9 விநாடி. 80-ல் வரும் வண்டி அந்த 9 விநாடியில் 200 மீட்டர் ஓடிவிடும், 100-ல் வருவது 250 மீட்டர். அவர் கால் எடுத்து வைக்கும்போது அந்த வண்டி கண்ணுக்கே தெரிந்திருக்காது. "பார்த்துப் போகக் கூடாதா" என்று அவரைக் கேட்பது நியாயமே இல்லை.

எண்ணும்போது எங்கே சறுக்குகிறது

வண்டி எண்ணும்போது 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக, வகை பிரித்துக் கோடு போட வேண்டும். வகைகள் வேறுவேறு இடத்தை அடைப்பதால் எல்லாவற்றையும் காருக்கு ஈடாக மாற்றுவார்கள். இதற்குக் கார் சமன் அலகு என்று பெயர். ஊர்ப்புறச் சாலைகளில் கார் 1, பைக் 0.5, பேருந்தும் லாரியும் 3, டிரெய்லரோடு டிராக்டர் 4.5, மாட்டு வண்டி 8. ஒரு மணி நேரத்தில் 200 பைக், 30 கார், 10 பேருந்து, 6 டிராக்டர் போனால் 100, 30, 30, 27 சேர்ந்து 187 அலகு.

இந்த எண் சாலையில் எவ்வளவு இடம் அடைபடுகிறது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு ஆபத்து என்று சொல்லாது. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது மிகப் பரவலான தவறு. பைக் அரை அலகுதான், ஆனால் அதில் மூன்று பேர் போகலாம். நடப்பவருக்கு இந்தக் கணக்கில் அலகே கிடையாது. அதனால் அவர்களைத் தனித் தாளில் எண்ண வேண்டும்: எங்கிருந்து எங்கே கடக்கிறார்கள், வயதானவர் எத்தனை, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை.

கடப்பவர்களுக்கு ஏற்பாடு தேவையா என்று பார்க்க ஒரு சூத்திரம் இருக்கிறது. நெருக்கடியான மணி நேரத்தில் கடப்பவர் எண்ணிக்கையை வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மீடியன் இல்லாத சாலையில் 10 கோடியைத் தாண்டினால் முறையான கடவை வேண்டும். நடுவில் நின்று போக இடமுள்ள சாலைக்கு 20 கோடி. மணிக்கு 1,000 வண்டி போகும் சாலையை 100 பேர் கடந்தால் சரியாக 10 கோடி. பயந்து கடக்காமல் இருப்பவர்கள் இதில் வரவே மாட்டார்கள் என்பது இந்தச் சூத்திரத்தின் குறை. எதிர்ப்பக்கப் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகளைப் பெற்றோர் பைக்கில் கொண்டுவிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிச் சேர்க்கலாம்.

எந்த நாளில் எண்ணுவது என்பதிலும் கவனம் தேவை. ஒகேனக்கல் போகும் பென்னாகரம் சாலையைச் செவ்வாய்க்கிழமை மட்டும் எண்ணினால் விடுமுறைக் கூட்டம் தெரியாது. ராயக்கோட்டைச் சாலையில் தக்காளி வண்டிகள் விடியும் முன்பே நகரத் தொடங்கிவிடும்; ஒன்பது மணிக்கு நோட்டோடு போய் நின்றால் அவை போயிருக்கும். ஓசூரில் ஷிப்ட் மாறும் நேரத்துக்குக் கம்பெனிப் பேருந்துகள் மொத்தமாக வரும். சாதாரண வேலைநாள், சந்தை நாள், ஞாயிறு என மூன்றையும், மாம்பழ மாதங்களில் ஒரு முறையும் எண்ணினால்தான் படம் முழுமையாகும்.

சுருக்கமாக: வேகத்துக்கு 85 விழுக்காட்டு எண், வண்டிகளுக்கு வகை பிரித்த கணக்கு, நடப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. மோதல் வரைபடம் சுட்டிய காரணத்தோடு இவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தொப்பூர் சொல்லும் பாடம்

44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே பல வண்டிகள் அடுத்தடுத்து மோதி, ஒவ்வொரு முறையும் 4 பேர் இறந்தார்கள். லாரிக்காரர் அலட்சியம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. உள்ளே நடப்பது வேறு.

40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால், ஏறக்குறைய 11 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வெளிப்படுகிறது. வேகம் கூடாமல் இருக்க வேண்டுமானால் அவ்வளவும் எங்காவது போயாக வேண்டும். கீழ் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜினே தாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடிமானம் குறையும். மிதியை அழுத்தினாலும் வண்டி நிற்காது. இன்ஜினையே அணைத்துவிட்டால் காற்று பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நின்றுபோகும். சரிவின் அடியில், வளைவில், முன்னால் வண்டிகள் தேங்கி நிற்கும் இடத்தில் அந்த லாரி வந்து சேரும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஸ்பீட் பிரேக்கர் போட்டால் என்ன ஆகும்? முன்னால் போகும் கார்கள் மெதுவாகும். பிரேக் போன லாரி மெதுவாகாது. மோதல் கூடும். இங்கே வேண்டியவை வேறு: சரிவு தொடங்குவதற்கு முன்பே லாரிகளை நிறுத்திக் கீழ் கியருக்கு மாறச் சொல்லும் இடம், கனரக வண்டிகளுக்குத் தனி வேக வரம்பும் அதைக் கண்காணிக்கும் கேமராவும், கட்டுப்பாடு இழந்த வண்டி ஏறி நிற்கச் சரளை நிரப்பிய ஒதுக்குப் பாதை. முழுத் தீர்வு என்பது சாலையின் வளைவையும் சரிவையுமே மாற்றுவது.

ஸ்பீட் பிரேக்கர் எங்கே உதவும்

ஊருக்குள், பள்ளி வாசலில், பக்கச் சாலை பெரிய சாலையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது நன்றாக உதவும், அளவு சரியாக இருந்தால். 25 கிலோமீட்டரில் கடப்பதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அகலம் என்பது வண்டி போகும் திசையில். நம் ஊர்களில் ஒரே இரவில் எழும்புபவை பல, அரை மீட்டர் அகலத்தில் முழங்கால் அளவுக்கு நிற்கின்றன. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை, விளக்கும் இல்லை. பின்னால் உட்கார்ந்து போகும் பெண் தூக்கி எறியப்படுவது இவற்றில்தான். 108 வண்டியில் முதுகெலும்பு அடிபட்டவர் போவதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது ஒன்றிய அமைச்சகத்தின் நிலைப்பாடு. அங்கே கேட்கக்கூடியவை: திரும்பும் வண்டிகள் ஒதுங்கி நிற்கத் தனி லேன், சர்வீஸ் ரோடு, மீடியனில் நடப்பவர் நிற்கும் இடம், பேருந்து ஒதுங்கும் பே, உயர்கோபுர விளக்கு, சுரங்கப்பாதை. சுரங்கப்பாதை கேட்கும்போது வடிகாலையும் விளக்கையும் சேர்த்தே கேளுங்கள். மழைக்குத் தண்ணீர் தேங்கினால் மறுபடியும் எல்லாரும் மேலேதான் கடப்பார்கள். மீடியன் இடைவெளியை மூடச் சொல்வதானால், அடுத்த திருப்பம் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். ஓரிடத்து மோதலை ராங் சைடு மோதலாக இன்னோரிடத்துக்கு மாற்றிவிடக் கூடாது.

யாரிடம் கொடுப்பது

தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு ஊர்சுற்றிக்கொண்டிருக்கும். சாலை யாருடையது என்று மைல்கல்லின் தலை நிறமே சொல்லும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை மாநில நெடுஞ்சாலை. அதுவும் மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். ஆரஞ்சு கிராமச் சாலை, அதற்கு ஊராட்சி ஒன்றியம்.

கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, நகலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். காவல்துறை, நெடுஞ்சாலை, போக்குவரத்து அலுவலர்கள் ஒன்றாக உட்காரும் இடம் அதுதான். மனுவோடு மோதல் வரைபடம், 85 விழுக்காட்டு வேகம், எண்ணிய தாள்கள், கண் உயரத்தில் எடுத்த நான்கு படங்கள், மைல்கல் எண் ஆகியவை இருக்கட்டும். இன்ன தீர்வுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதைவிட, இன்ன ஆபத்து இருக்கிறது, ஆய்வு செய்து எழுத்தில் பதில் தாருங்கள் என்று கேட்பது வலுவானது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. ஆபத்தை முன்கூட்டியே தேதியோடு எழுத்தில் தெரிவித்திருப்பது அப்போது பயன்படும்.

வேலை முடிந்ததும் ஒரு மாதம் கழித்து வேகத்தை மறுபடி அளக்க வேண்டும். அதே 100 மீட்டர், அதே கிழமை, அதே நேரம். மூன்று மாதம் விபத்து இல்லை என்பதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். மோசமான ஓர் ஆண்டுக்குப் பிறகு எதையுமே செய்யாவிட்டாலும் எண்ணிக்கை கொஞ்சம் இறங்குவது வழக்கம். அதனால் முந்தைய 3 ஆண்டை அடுத்த 3 ஆண்டோடு ஒப்பிட வேண்டும். புதிதாக நடப்பவற்றை அதே பழைய மோதல் வரைபடத்தில் வேறு நிற மையால் போட்டு வாருங்கள். அம்புகள் குறைந்தனவா, பக்கத்து இடைவெளிக்கு நகர்ந்தனவா என்று அதில் தெரியும்.